கடைக்காரர் வண்டியும் ஹாட் ராட் பட்டறையும்

செடான் டெலிவரி என்பது முன்பாதி காராகவும் பின்பாதி சரக்கு வண்டியாகவும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உருவான வாகன வகை. போனட், முன் மட்கார்டு, முன்கண்ணாடி, இரண்டு கதவுகள் எல்லாம் அந்தந்த ஆண்டின் பயணிகள் காரில் உள்ளவையே. கதவுக்குப் பின்னால் ஜன்னல் கிடையாது; வழுவழுப்பான தகடு வண்டியின் கடைசிவரை ஓடும். பின்னிருக்கை இருக்க வேண்டிய இடத்தில் சரக்கு வைக்கும் தளம். பின்புறம், பெரும்பாலும் பக்கவாட்டுக் கீலில் திறக்கும் ஒற்றைக் கதவு. ரொட்டியும் பூவும் மருந்தும் சலவைத் துணியும் சுமந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாகப் போய்வந்த இந்த வண்டி, உழைத்து ஓய்ந்த பிறகு, பழைய காரை வேகத்துக்காக மாற்றி ஹாட் ராடாகக் கட்டுபவர்கள் ஊர் ஊராகத் தேடும் பொருளாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வாங்கிய சாமானை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது அமெரிக்க நகரக் கடைகளின் அன்றாட வழக்கம். தொடக்கத்தில் அதற்குக் குதிரை வண்டி இருந்தது. பிறகு லாரி சேஸிஸில் கட்டிய மூடிய வேன் வந்தது. அந்த வேன் உயரமானது, குலுக்கி எடுப்பது, பார்வைக்கு முரடானது. மூட்டை முடிச்சுக்கு அது போதும். நகைக்கடை, பூக்கடை, கேக் கடை, பெரிய துணிக்கடை ஆகியவற்றின் சரக்கோ இலேசானது, நசுங்கக்கூடியது, விலை மிகுந்தது. வசதியுள்ள வாடிக்கையாளரின் வாசலில் லாரி போய் நிற்பதைவிடக் கார் போய் நிற்பது கடைக்குக் கௌரவமாகவும் இருந்தது. கார் நிறுவனங்களுக்கும் இதில் செலவு குறைவு. ஏற்கெனவே அச்சில் இருந்த இரண்டு கதவு செடானின் முன்பகுதியை வைத்துக்கொண்டு, பின்பகுதியை மட்டும் மாற்றினால் புதிய வண்டி தயார்.

ஜன்னல் இல்லாத அந்தப் பக்கவாட்டுத் தகடுதான் இந்த வண்டியின் முகம். வெயிலிலிருந்தும் பிறர் கண்ணிலிருந்தும் சரக்கை அது மறைத்தது. அதோடு நடமாடும் பெயர்ப்பலகையாகவும் நின்றது. வண்டி வாங்கியதும் கடைக்காரர் செய்யும் முதல் வேலை, எழுத்து ஓவியரைக் கூப்பிடுவதுதான். நீண்ட மயிர்த்தூரிகையும் ஈயம் கலந்த எனாமல் பெயின்ட்டும் கொண்டு கடையின் பெயர், தொழில், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை அவர் கையாலேயே எழுதுவார். கையிருப்பு உள்ளவர்கள் எழுத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டினார்கள். சின்ன ஊர்களில் ஒரு கடையை அதன் வண்டியை வைத்தே மக்கள் அடையாளம் கண்டார்கள்.

1920களின் இறுதியில் ஃபோர்டும் செவர்லேவும் இந்த வகையில் இறங்கின. ஃபோர்டின் மாடல் ஏ வரிசையில் டீலக்ஸ் டெலிவரி என்ற வண்டி வந்தது. அதே வரிசையில், ஓட்டுநர் கூரையில்லாத முன்பகுதியில் உட்கார்ந்து ஓட்டும் டவுன் கார் டெலிவரியும் இருந்தது. செல்வச் செழிப்பான நகரக் கடைகளை நம்பிச் செய்த அந்த வண்டி, பொருளாதாரப் பெருவீழ்ச்சி தொடங்கிய வேளையில் சந்தைக்கு வந்து மிகக் குறைவாகவே விற்றது. 1932-இல் ஃபோர்டு தன் புகழ்பெற்ற வி8 எஞ்சினை வெளியிட்டது. 221 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.6 லிட்டர் கொள்ளளவு, 65 குதிரைத்திறன். சாமானியர் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் கொண்ட கார் அதற்குமுன் கிடைத்ததில்லை. அந்த ஆண்டு செடான் டெலிவரியும் இருந்தது. ஆனால் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. சில நூறு வண்டிகளுக்கு மேல் விற்கவில்லை. 1932 மாடலின் பாடி எந்த வடிவத்தில் இருந்தாலும் ஹாட் ராட் உலகில் மதிப்பு மிக்கது. அதில் செடான் டெலிவரி கிடைப்பது அரிதிலும் அரிது.

ஃபோர்டும் செவர்லேவும் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்தன. பிளைமவுத், பான்டியாக் முதலிய நிறுவனங்களும் வெவ்வேறு ஆண்டுகளில் இந்த வகையைச் செய்தன. பான்டியாக் அமெரிக்காவில் 1953-உடன் நிறுத்திக்கொண்டது. எந்த நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தாலும், பயணிகள் கார்களோடு ஒப்பிட்டால் செடான் டெலிவரியின் எண்ணிக்கை மிகச் சிறியது. இதை வாங்கியவர்கள் கடைக்காரர்கள் மட்டுமே. குடும்பத்துக்கு ஒரு கார் என்று பார்ப்பவருக்கு ஓட்டுநர் இருக்கை மட்டும் உள்ள வண்டி எதற்கு? பல மாடல்களில் பக்கத்து இருக்கையைக்கூடத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

அக்காலப் பாடிகள் கட்டப்பட்ட விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பிற்காலப் பட்டறைக்காரர்களின் பாதித் துன்பம் அதிலிருந்து வந்ததுதான். 1930களின் நடுப்பகுதிவரை ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பாடிக்குள் மரச்சட்டம் இருந்தது. சட்டத்தின்மேல் தகட்டை வளைத்து ஆணி அடித்துப் பொருத்தினார்கள். ஃபோர்டு எஃகை அதிகம் பயன்படுத்தியது. ஆனாலும் கூரையை முழுத் தகடாக அச்சடிக்கும் அளவுக்குப் பெரிய இயந்திரங்கள் வரும்வரை கூரையின் நடுவே ஒரு பெரிய திறப்பை விட்டு, அதை நீர் ஒட்டாத துணியால் மூடினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில் முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. ஃபோர்டு 1937 மாடல்களில் அதைச் செய்தது. துணிக்கூரை சில ஆண்டுகளில் வெடிக்கும். மழைநீர் கசிந்து மரச்சட்டத்தில் இறங்கும். மரம் உளுத்ததும் அதைப் பற்றியிருக்கும் தகடு தளரும், கதவு தொங்கும், கீழ் விளிம்பு துருவேறும்.

குடும்பக் காருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு, கொட்டகை உண்டு. கடை வண்டிக்கு இரண்டும் வாய்க்கவில்லை. காலை முதல் இரவுவரை நின்று நின்று ஓடியது, தெருவிலேயே நின்றது, ஐஸ் நீரும் பாலும் சலவைச் சோப்பும் அதன் தளத்தில் சிந்தின. மூன்று நான்கு ஆண்டுகளில் கடைக்காரர் புது வண்டி வாங்கிவிட்டுப் பழையதைக் குழாய் வேலைக்காரருக்கோ பெயின்ட்டருக்கோ விற்றார். அவர் அதைத் தேயும்வரை ஓட்டிக் காயலான் கடைக்குத் தள்ளினார். 1942 பிப்ரவரியில் இரண்டாம் உலகப் போரை முன்னிட்டு அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது. புது வண்டி வாங்க வழியில்லாததால் இருந்த டெலிவரி வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் இழுக்கப்பட்டன; ஓடாமல் கிடந்தவை போருக்கு இரும்பு திரட்டும் இயக்கத்தில் உலைக்குப் போயின. இன்று ஒரு 1930களின் செடான் டெலிவரி கண்ணில் படுகிறதென்றால், அது இத்தனை கண்டங்களையும் தாண்டி வந்தது என்று பொருள்.

இதே காலத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் இன்னொரு பழக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. பழைய ஃபோர்டு வண்டிகளிலிருந்து மட்கார்டு, பம்பர், கூரை என்று எடையைக் கழித்து, எஞ்சினை மெருகேற்றி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் வேகம் பார்த்தார்கள். 1937-இல் அங்கிருந்த மன்றங்கள் சேர்ந்து தெற்குக் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கத்தை அமைத்தன. போர் முடிந்து திரும்பிய இளைஞர்களிடம் கையில் பணமும் இயந்திர அறிவும் இருந்தன. 1946-இல் அலெக்ஸ் சிடியாஸ் பர்பாங்க் நகரில், வேகம் கூட்டும் உதிரிபாகங்களை விற்கும் சோ-கால் ஸ்பீட் ஷாப்பைத் திறந்தார். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் ‘ஹாட் ராட்’ இதழைத் தொடங்கினார். 1949-இல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புவெளியில் வேக வாரம் நடந்தது. 1951-இல் வாலி பார்க்ஸ் தலைமையில் தேசிய ஹாட் ராட் சங்கம் உருவானது.

அந்த முதல் தலைமுறை செடான் டெலிவரியைத் தேடவில்லை. வேகத்துக்கு எடை பகை. கூரையில்லாத ரோட்ஸ்டர்தான் எல்லோரும் விரும்பியது, அடுத்து கூப்பே. நீண்ட கூரையும் கனத்த பக்கத்தகடும் உள்ள டெலிவரி வண்டி ஓட்டப்பந்தயத்துக்கு வெளியே, உதவிக்கு நின்றது. பந்தய வண்டியைத் தள்ளிக் கிளப்ப, கட்டி இழுத்துவர, உதிரி எஞ்சினையும் கருவிப் பெட்டியையும் படுக்கையையும் ஏற்றிப் போக அதைவிட வசதியான வண்டி கிடையாது. விலையும் மலிவு. ஸ்பீட் ஷாப் நடத்தியவர்களுக்கு இன்னொரு ஆதாயமும் இருந்தது. ஒரு காலத்தில் ரொட்டிக்கடையின் பெயர் இருந்த இடத்தில் இப்போது தங்கள் கடையின் பெயரை எழுதிக்கொண்டார்கள். எட்டு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு மூன்று ஸ்ட்ரோம்பர்க் கார்புரேட்டர்களைப் பொருத்தி, முன்புறத்தைச் சற்றுத் தாழ்த்திவிட்டால் அந்த வண்டியே கடைக்கு விளம்பரம். செடான் டெலிவரியை ஹாட் ராடாகக் கட்டும் மரபு இந்தக் கடை வண்டிகளிலிருந்துதான் கிளைத்தது. வண்டியின் தொழில் மாறியதே தவிர அது செய்த வேலை மாறவில்லை. பந்தய வண்டிகளைப் பற்றி எழுதியவர்கள் இவற்றைப் பெரும்பாலும் ஓரத்தில் தள்ளிவிட்டார்கள், அது நியாயமில்லை. ஏரிப் படுகைக்குப் போன ரோட்ஸ்டர்களில் பல, இப்படி ஒரு வண்டி பின்னால் வந்ததால்தான் வீடு திரும்பின.

1950களில் செடான் டெலிவரி தன் கடைசிப் பத்தாண்டைக் கண்டது. ஃபோர்டு 1952-இல் கூரியர் என்ற பெயரில் இரண்டு கதவு ஸ்டேஷன் வேகனை அடிப்படையாகக் கொண்டு ஒன்றை வெளியிட்டது. செவர்லே 1955-இல் முற்றிலும் புதிய பாடியும், 265 கன அங்குலம் கொண்ட புதிய வி8 எஞ்சினும் கொண்டுவந்தது. எடை குறைவாகவும் அதிகச் சுழற்சிக்கு ஈடுகொடுப்பதாகவும் இருந்த இந்த எஞ்சின், ஃபோர்டின் பழைய வி8 பெற்றிருந்த இடத்தைச் சில ஆண்டுகளிலேயே எடுத்துக்கொண்டது. அதுவரை ஆறு சிலிண்டர் மட்டுமே கொண்டிருந்ததால் ஹாட் ராட்காரர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட செவர்லே டெலிவரி வண்டிக்கும் அதோடு யோகம் அடித்தது. நேர்க்கோட்டுப் பந்தயத்தின் ஸ்டாக் வகுப்புகளில் வண்டியின் எடையைக் குதிரைத்திறனால் வகுத்து வகுப்பு பிரிப்பார்கள். டெலிவரி வண்டியில் பின்சக்கரங்களின்மேல் எடை கூடுதலாக விழுவதால், கிளம்பும்போது டயர் வழுக்காமல் பிடிக்கும். இதை அறிந்தவர்கள் 1955 முதல் 1957 வரையிலான செவர்லே டெலிவரி வண்டிகளைப் பந்தயத் தடத்துக்கே கொண்டுவந்தார்கள். பூக்கடை வண்டி போலிருந்த ஒன்று பக்கத்துத் தடத்தில் நின்ற பளபளப்பான கூப்பேயை முந்திப் போவதைப் பார்வையாளர்கள் விரும்பி ரசித்தார்கள்.

வணிகத்தில் அதன் கதை முடியும் தறுவாயில் இருந்தது. ஃபோல்க்ஸ்வாகன் வேன், சிறிய இடத்தில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று காட்டியது. 1961 மாடலாக ஃபோர்டு இகானலைனும் செவர்லே கோர்வேனும் வந்தன. முன்பக்கம் போனட் நீட்டாத, தளம் தாழ்ந்த, பெட்டி போன்ற அந்த வேன்களுக்கு முன் காரின் நீண்ட மூக்கும் சரிந்த கூரையும் வீண் ஆடம்பரமாயின. முழு அளவுச் செவர்லே செடான் டெலிவரி 1960 மாடலுடன் நின்றது. ஃபோர்டு கூரியரும் அதே ஆண்டோடு முடிந்தது. சிறிய ஃபால்கன் காரை அடிப்படையாகக் கொண்ட ஃபோர்டு டெலிவரி வண்டி மட்டும் 1965 வரை தாக்குப்பிடித்தது.

அடுத்த திருப்பம் 1970-இல் வந்தது. அமெரிக்கக் கார் நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே அசுர வேக வண்டிகளைச் செய்து விற்கத் தொடங்கியபின், பழைய வண்டியைக் கட்டி வேகம் பார்க்கும் தேவை குறைந்திருந்தது. ஹாட் ராட் மீதான ஆசை மட்டும் போகவில்லை. ‘ராட் அண்ட் கஸ்டம்’ இதழின் ஊக்கத்தோடு, இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் 1970-இல் முதலாவது தேசிய ஸ்ட்ரீட் ராட் கூடுகை நடந்தது. பந்தயம் முக்கியமல்ல, குடும்பத்தோடு பழைய வண்டியில் நெடுந்தூரம் ஓட்டிவந்து கூடுவதே நோக்கம். 1948 வரையிலான மாடல் வண்டிகளுக்கே அங்கே இடம் என்ற வரையறை நெடுங்காலம் இருந்தது.

நூற்றுக்கணக்கான மைல் ஓட்ட வேண்டும் என்று வந்ததும் ரோட்ஸ்டரின் குறைகள் தெரிந்தன. மழை பெய்தால் நனைய வேண்டும். இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. பெட்டி வைக்க வழியில்லை. எடை காரணமாக ஒதுக்கப்பட்டிருந்த செடான் டெலிவரி இப்போது எல்லாவற்றுக்கும் விடையாக வந்து நின்றது. பின்தளத்தில் பிள்ளைகள் படுத்துத் தூங்கலாம். நாற்காலி, ஐஸ் பெட்டி, கருவிகள் எல்லாம் வைக்கலாம். ஏர்கண்டிஷனர் பொருத்த இடம் இருந்தது. 1940 ஃபோர்டு செடான் டெலிவரிக்கு இந்தத் தலைமுறையிடம் தனி மோகம். அதன் முகம் ஃபோர்டு செய்த கார்களிலேயே அழகானவற்றுள் ஒன்று. நீண்டு சரியும் கூரை அந்த முகத்துக்குச் சரியாகப் பொருந்தியது. தேடுபவர் பெருகியதும் விலை ஏறியது. தேடல் அங்கேதான் ஒரு கலையாக மாறியது.

எங்கே தேடுவது என்பதை உப்பும் ஈரமும் தீர்மானித்தன. அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஏரிப் பகுதி மாநிலங்களிலும் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய வண்டியின் அடித்தகடு தின்னப்பட்டிருக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிபோர்னியாவின் உள்பகுதி ஆகிய வறண்ட நிலங்களில் கிடந்த வண்டியில் பெயின்ட் வெளுத்திருக்கும், ரப்பர் பொடிந்திருக்கும், தகடு மட்டும் உறுதியாக இருக்கும். பண்ணைகளில் டெலிவரி வண்டி கோழிக்கூடாகவும் தீவனக் கிடங்காகவும் நின்றதுண்டு; ஜன்னல் இல்லாத பாடி அதற்கு ஏற்றது. மூடிப்போன பேக்கரியின் பின்கொட்டகை, குடும்பத் தொழிலை விட்ட சலவைக்கடையின் கிடங்கு போன்ற இடங்களிலும் கிடைத்தன. அக்கம்பக்கத்தில் விசாரிப்பது, பழைய தொழில் விளம்பரங்களைப் பார்த்துக் கடைகளின் வாரிசுகளைத் தேடிப் போவது எல்லாம் தேடுபவரின் வழக்கமான வேலைகள். 1954-இல் தொடங்கிய ‘ஹெம்மிங்ஸ் மோட்டார் நியூஸ்’ இதழின் வரி விளம்பரங்களும், பென்சில்வேனியாவின் ஹெர்ஷி, கார்லைல், கலிபோர்னியாவின் பொமோனா ஆகிய ஊர்களில் கூடும் உதிரிபாகச் சந்தைகளும் மற்ற வழிகள். கதவுக் கைப்பிடி ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் சந்தை சந்தையாக நடந்தவர்கள் உண்டு. கூப்பேயின் உதிரிகள் செடானுக்கும் பொருந்தலாம். டெலிவரி வண்டியின் பின்கதவும் அதன் கீலும் பூட்டும் வேறெந்த வண்டியிலும் கிடையாது. பின்கதவு இல்லாத பாடியை விலைக்கு வாங்குவதற்கு முன் அனுபவசாலிகள் நிறையவே தயங்குவார்கள்.

கண்டுபிடித்தபின் அது அசல்தானா என்று பார்க்க வேண்டும். ஸ்டேஷன் வேகனின் பக்க ஜன்னலைத் தகடு வைத்து அடைத்து டெலிவரி வண்டி என்று விற்பது பழைய தந்திரம். 1955 முதல் 1957 வரையிலான செவர்லேயில் இதை எளிதில் கண்டுபிடிக்கலாம். வண்டி எண்ணின் தொடக்கத்தில் வரும் எழுத்து வரிசையைக் காட்டும்: மலிவான 150 வரிசைக்கு ஏ, 210-க்கு பி, பெல் ஏருக்கு சி, செடான் டெலிவரிக்கு டி. அதற்கு முன்னால் வி இருந்தால் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டு வந்தது. வேகனின் பின்புறம் மேலும் கீழுமாக இரண்டாகத் திறக்கும். டெலிவரியில் மேலே தூக்கும் ஒற்றைக் கதவு. பழைய ஃபோர்டுகளில் எண் சேஸிஸ் சட்டத்தின் மேற்புறத்தில் குத்தப்பட்டிருக்கும். சில இடங்களில் அது பாடிக்கு அடியில் மறைந்திருப்பதால் பாடியைத் தூக்கினால்தான் முழுதாகத் தெரியும். உள்ளே கையை விட்டுப் பக்கத்தகட்டின் பின்புறத்தைத் தடவிப் பார்ப்பது இன்னொரு சோதனை. அசலில் ஒரே தகடு. போலியில் ஜன்னல் இருந்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு விரலில் தட்டும்.

வண்டி பட்டறைக்கு வந்ததும் முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒவ்வொரு நட்டுக்கும் சீட்டு எழுதிக் கழற்றுவார்கள். அடுத்து பெயின்ட். இந்தக் கட்டத்தில் நல்ல கைவினைஞர் அவசரப்படமாட்டார். பக்கத்தகட்டில் தண்ணீர் ஊற்றி மிக நைசான வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தால் மேலே அடித்த நிறங்கள் ஒவ்வொன்றாக விலகும். பிளம்பர் காலத்துப் பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே முதல் கறுப்பு. அந்தக் கறுப்பின்மேல் எழுத்தின் விளிம்பு எழும்பும். ஈய எனாமல் தடிப்பானது. தான் மூடிய இடத்தை வெயிலிலிருந்து காப்பாற்றியிருக்கும். அதனால் எழுத்தே உதிர்ந்துபோயிருந்தாலும் அதன் நிழல் அடர்நிறத்தில் நிற்கும். சாய்வாக விளக்கைப் பிடித்தால் தூரிகை திரும்பிய இடம்கூடத் தெரியும். கடையின் பெயர், தெரு, மூன்றோ நான்கோ இலக்கத் தொலைபேசி எண் என்று ஒரு ஊரின் வணிக வரலாறு அந்தத் தகட்டில் கிடைக்கிறது. இதைப் பார்க்காமல் மணல் பீய்ச்சிச் சுரண்டிவிடுவது பெரிய இழப்பு. எழுத்தை அப்படியே விட்டு மேலே நிறமற்ற பூச்சு அடிப்பவர்கள் உண்டு. தாளில் படியெடுத்து வைத்துக்கொண்டு, புதுப் பெயின்ட்டின்மேல் அதே எழுத்தை அதே அளவில் எழுத வைப்பவர்களும் உண்டு. தேய்க்கும்போது கிளம்பும் தூளில் ஈயம் இருப்பதால் முகமூடி அணிந்து ஈரமாகவே தேய்க்க வேண்டும்.

டிங்கரிங் வேலையில் செடான் டெலிவரிக்கு நிகரான சோதனை குறைவு. கதவு முதல் பின்முனைவரை ஜன்னலோ மடிப்போ இல்லாமல் ஓடும் பெரிய தகடு, தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உள்ளே சரக்கு இடித்து இடித்து அங்கங்கே வெளியே புடைத்திருக்கும். புடைத்த இடத்தில் இரும்பு நீண்டுபோயிருப்பதால் அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் பிஸ்கட் டப்பா மூடி போல ‘டொக்’கென்று வெளியே வரும். அதைப் பட்டி வைத்து மறைத்தால் சில மாதங்களில் வெடிக்கும். நீண்ட இரும்பைச் சுருக்க வேண்டும். நாணய அளவு இடத்தை காஸ் சுடரால் சிவக்கச் சூடாக்கி, பின்னால் இரும்புக்கட்டையைத் தாங்கி, முன்னால் சுத்தியால் தட்டி, ஈரத்துணியால் குளிரவைப்பார்கள். கொஞ்சம் கூடினால் தகடு வேறு பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கத்தகட்டுக்கு இப்படி நாள்கணக்கில் உழைத்தபின், நீளமான மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி மூலைவாட்டில் தேய்த்து மேடுபள்ளம் பார்ப்பார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த டெலிவரி வண்டியின் பக்கத்தில் எதிர்ச்சுவரின் கோடு நெளியாமல் பிரதிபலித்தால், அது தேர்ந்த கை என்று சகதொழிலாளிகள் ஒப்புக்கொள்வார்கள்.

துருவேறிய அடிவிளிம்பு, சக்கரக்குழி, பின்கதவின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வார்கள். இரண்டு கதவு செடானுக்கும் பொதுவான பகுதிகளுக்கு இன்று புதிய தகடு வாங்கலாம். டெலிவரிக்கே உரியதைக் கையால்தான் அடிக்க வேண்டும். மரச்சட்டம் உள்ள பாடியில் பழைய மரத்தின் மிச்சத்தை மாதிரியாக வைத்துப் புதிய சட்டத்தை இழைத்துப் பொருத்துவார்கள். சரக்குத் தளத்துக்கு மரப்பலகையும் இடையிடையே உலோகப் பட்டையும் போட்டு வார்னிஷ் அடிப்பது வழக்கம். கடைக்காரரின் வண்டியில் ஒருநாளும் இராத மினுமினுப்பு அது என்றாலும் கண்ணுக்கு நிறைவாகவே இருக்கிறது.

சேஸிஸ் விஷயத்தில் ஹாட் ராட் கட்டுபவரும் அசல்படி புதுப்பிப்பவரும் பிரிகிறார்கள். 1948 வரை ஃபோர்டு முன்னால் ஒற்றை அச்சையும் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கையும் விடவில்லை. ஹைட்ராலிக் பிரேக் 1939-இல்தான் வந்தது. பழைய முறையை விரும்புபவர் அந்த ஒற்றை அச்சு அமைப்பையே வைத்துக்கொண்டு, வளைவு அதிகமான அச்சு போட்டு முன்புறத்தைத் தாழ்த்தி, 1939-க்குப் பிந்திய ஹைட்ராலிக் பிரேக்கைப் பொருத்துவார். வசதியை விரும்புபவர் 1974 முதல் 1978 வரை வந்த மஸ்டாங் 2 காரின் முன் சஸ்பென்ஷன் அமைப்பைச் சட்டத்தில் வைத்து வெல்டிங் செய்வார். டிஸ்க் பிரேக்கும் லாகவமான ஸ்டீயரிங்கும் அதோடு வரும். எஞ்சினிலும் அப்படியே. ஃபோர்டின் பழைய வி8 எஞ்சினில் புகை வெளியேறும் வழி எஞ்சின் கட்டைக்குள்ளேயே போவதால் சூடேறும் நோய் அதற்கு உண்டு. பெரிய ரேடியேட்டரும் பொறுமையும் வேண்டும். 350 கன அங்குலச் செவர்லே எஞ்சினைப் போட்டுவிட்டுக் கவலையில்லாமல் ஓட்டுபவர்களே பல ஆண்டுகளாகப் பெரும்பான்மை. 1954 வரையிலான செவர்லேயில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடப்பட்டுப் பின்னச்சோடு பிணைந்திருக்கும். அங்கே புது கியர்பாக்ஸ் வைத்தால் பின்னச்சையும் மாற்றியே ஆக வேண்டும். 1957 முதல் வந்த ஃபோர்டு ஒன்பது அங்குலப் பின்னச்சு அந்த இடத்துக்கு எல்லோரும் நம்பும் தேர்வு.

கூரையை வெட்டித் தாழ்த்துவது ஹாட் ராடின் அடையாளங்களில் ஒன்று. கூப்பேயில் சில தூண்களை வெட்டி இணைத்தால் வேலை ஓரளவு முடியும். டெலிவரியில் நீண்ட பக்கத்தகடு முழுவதையும் நெடுக வெட்ட வேண்டும். பின்கதவையும் அதே அளவு குறைக்க வேண்டும். இணைத்த வெல்டிங்கின் சூட்டில் தகடு நெளியாமல் பார்க்க வேண்டும். இத்தனை சிரமத்துக்குப் பின் கிடைப்பது பெரும்பாலும் எழுத்தெழுத இடம் சுருங்கிய வண்டி. செடான் டெலிவரியின் அழகு அதன் உயரமான, வெறுமையான பக்கத்தில் இருக்கிறது. சேஸிஸைத் தாழ்த்தி, பாடியை அசல் உயரத்தில் விட்ட வண்டிகளே பார்க்க நன்றாக இருக்கின்றன. எஞ்சியிருக்கும் அசல் பாடிகளின் எண்ணிக்கையை நினைத்தாலும், ரம்பத்தை எடுக்குமுன் யோசிப்பதே முறை.

அசல் கிடைக்காதவர்களுக்காக 1932, 1934 மாடல் டெலிவரிகளின் வடிவில் ஃபைபர்கிளாஸ் பாடிகள் வந்தன. துருவேறாது, எடை குறைவு, கதவு ஒழுங்காக மூடும். இவற்றால் பலர் இந்த வடிவத்தை ஓட்டிப்பார்க்க முடிந்தது, அசல் பாடிகள் பல கத்தியிலிருந்து தப்பின. கார் நிறுவனங்களும் பழைய யோசனையை மறக்கவில்லை. 1970களில் செவர்லே வேகா காரின் ஜன்னலற்ற வடிவம் விற்பனைக்கு வந்தது. 2000களில் செவர்லே எச்எச்ஆர் என்ற வண்டியிலும் பக்கத்தகடு மூடிய வகை இருந்து 2011-இல் நின்றது.

1997-இல் கலிபோர்னியாவின் பெப்பிள் பீச்சில் நடக்கும் உயர்தரக் கார் கண்காட்சி ஹாட் ராடுகளுக்கென்று ஒரு பிரிவைத் திறந்தது. அதுமுதல் ஹாட் ராடே பாதுகாக்க வேண்டிய வரலாற்றுப் பொருள் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. 1950களில் ஒரு ஸ்பீட் ஷாப் கட்டிய டெலிவரி வண்டி இன்று கிடைத்தால், அதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பக் கூடாது. ஸ்பீட் ஷாப் காலத்து கார்புரேட்டர், சக்கரம், பக்கத்தில் எழுதிய கடைப்பெயர் எல்லாவற்றோடும் புதுப்பிக்க வேண்டும் என்பதே தேர்ந்தவர்களின் வழக்கம். அப்படிப்பட்ட வண்டியின் பக்கத்தைத் தேய்ப்பவர் இரண்டு கடைகளின் எழுத்தைக் காண நேரும். எதை வைப்பது, எதை மூடுவது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சிலர் ஒரு பக்கத்தில் பேக்கரியையும் மறுபக்கத்தில் ஸ்பீட் ஷாப்பையும் எழுதி வைக்கிறார்கள்.